பிடித்த ஒளியை எங்கே வைப்பது?

இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கான பொருளை நானே தேர்ந்துகொள்ளலாம் என்று அறக்கட்டளையினர் சொன்னபோது, பிலிமா டிஜிட்டலா என்ற பழைய கேள்வியையே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஒளிப்பதிவு படிக்கும் மாணவர்கள் கூடுகிற எந்த இடத்திலும் அந்தக் கேள்வி எழும். கேட்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிய வேண்டியது எது அழகாக இருக்கும் என்பது. அதற்கும் என்னிடம் பதில் உண்டு, சொல்கிறேன். ஆனால் என்னைப் பல காலமாக அரித்துக்கொண்டிருப்பது இன்னொன்று. இன்று எடுக்கிற படம் ஐம்பது ஆண்டு கழித்து எங்கே இருக்கும்? யார் கையில் இருக்கும்? அதைத் திறந்து பார்க்க அன்றைக்குக் கருவி இருக்குமா? இந்த மாலை நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். அங்கே போய்ச் சேர, முதலில் ஒளி எப்படிப் பிடிபடுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

35 மி.மீ. பிலிமில் ஒரு ஃபிரேமுக்கு ஓரத்தில் நான்கு துளைகள். ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி தீரும். 400 அடி மேகசீன் நாலரை நிமிடம்கூடத் தாங்காது. 1000 அடி போட்டால் 11 நிமிடம். பிலிமில் வேலை பார்த்த எந்த உதவியாளரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார்.

அந்தப் பிலிமின் மேல் ஜெலட்டின் பூச்சு. அதற்குள் வெள்ளி ஹாலைடு படிகங்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துகள்கள். ஒளி பட்ட படிகத்தில் ஒரு புள்ளியில் சில வெள்ளி அணுக்கள் மட்டும் சேரும். அந்த நிலையில் பிலிமைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டெவலப்பர் கரைசலில் நனைந்த பிறகுதான், அந்தச் சில அணுக்களைப் பற்றிக்கொண்டு முழுப் படிகமும் வெள்ளியாக மாறுகிறது. ஒளி செய்த சின்னஞ்சிறு வேலையை வேதியியல் பல கோடி மடங்கு பெருக்கிக் கொடுக்கிறது. கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் நாம் காண்பது அந்த வெள்ளியைத்தான். வண்ண நெகட்டிவில் கதை வேறு. சிவப்பு, பச்சை, நீலத்துக்கு என்று தனித்தனி அடுக்குகள். டெவலப் ஆகும் வெள்ளியைச் சுற்றிச் சாயம் உருவாகிறது. பிறகு வெள்ளியைக் கரைத்து எடுத்துவிடுகிறார்கள். ஆக, வண்ண நெகட்டிவில் கடைசியில் தங்குவது சாயம் மட்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிஜிட்டலின் பிறப்பு பலர் எண்ணுவதைவிடப் பழையது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சி.சி.டி. சில்லை உருவாக்கினார்கள், அதற்கு 2009இல் நோபல் பரிசு வந்தது. 1975இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அப்படிப்பட்ட ஒரு சில்லை வைத்து ஒரு கேமரா செய்தார். நூறுக்கு நூறு, ஆக மொத்தம் 10,000 புள்ளிகள். எடுத்த படத்தைக் கேசட் நாடாவில் எழுத 23 நொடி. அடுத்த ஆண்டே அதே கோடாக்கில் பிரைஸ் பேயர் ஒரு வண்ண வடிகட்டிக்குக் காப்புரிமை பெற்றார். சென்சாரின் புள்ளிகளில் பாதிக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனின் கேமரா வரைக்கும் இன்றும் பெரும்பாலும் அந்த ஏற்பாடுதான். பிலிமை விற்று வாழ்ந்த நிறுவனமே பிலிமுக்கு மாற்றையும் கண்டுபிடித்தது. 2012 ஜனவரியில் அது திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் சென்றது.

இந்த இரண்டு முறைகளுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய வேறுபாடு அதிக வெளிச்சத்தில் தெரியும். பிலிமின் படிகங்கள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரியவை குறைந்த ஒளிக்கே விழித்துக்கொள்ளும். சிறியவை மெதுவாக விழிக்கும். வெளிச்சம் கூடக்கூட, மிச்சமிருக்கும் சிறிய படிகங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ளும். அதனால் பிலிமில் வெண்மை படிப்படியாக, தயங்கித் தயங்கி உச்சத்தை எட்டுகிறது. சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம். ஒளி பட்ட அளவுக்கு நேர்விகிதத்தில் எலெக்ட்ரான் நிரம்பும். நிரம்பி வழிந்தால் அத்தோடு சரி. அதற்கு மேல் வந்த ஒளியைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. பிலிம் காலத்து ஒளிப்பதிவாளர்கள் நிழலுக்கு மீட்டர் வைத்தார்கள். வெளிச்சத்தைப் பிலிம் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. டிஜிட்டலில் வெளிச்சத்தைக் காப்பாற்றிவிட்டு நிழலை அப்புறம் தூக்கிக்கொள்கிறோம். தொழில் தலைகீழானது இங்கேதான்.

நம் ஊரில் இது ஏட்டுச் சங்கதி இல்லை. சித்திரை மாத உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒரு கறுத்த மனிதரை வயல் வரப்பில் நிறுத்திப் படம் எடுங்கள். வேட்டியின் மடிப்புகளும் தெரிய வேண்டும். முகத்தின் சுருக்கங்களும் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் ஒளிப்பதிவு செய்தவர்கள் தொடக்கம் முதல் மல்லுக்கட்டிய பிரச்சினை இது. தொடக்க கால டிஜிட்டல் கேமராக்களில் வேட்டி வெறும் வெள்ளைத் தாளாகப் போய்விடும். 2010இல் வந்த ஆரி அலெக்ஸா கேமராவில்தான் ஆழ்ந்த நிழலிலிருந்து உச்ச வெளிச்சம் வரை நெகட்டிவுக்கு நிகரான 14 ஸ்டாப் அளவு கிடைத்தது. ஒளிப்பதிவாளர்கள் பெருந்திரளாகக் கட்சி மாறியது அதற்குப் பிறகே.

தோல் நிறத்தைப் பேச வந்ததால், பிலிம் மேல் பெருங்காதல் கொண்டவர்கள் மறந்துவிடும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வண்ணப் பிலிமின் சமநிலை நீண்ட காலம் வெள்ளைத் தோலுக்காகவே அமைந்திருந்தது. ஆய்வகங்கள் வண்ணத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய அளவுகோல் அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் படம். ‘ஷர்லி அட்டை’ என்பார்கள். கறுத்த முகங்கள் அந்தப் பிலிமில் விவரமின்றி இருண்டுபோயின. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவர் சொல்லும் ஒரு செய்தி நெஞ்சை உறுத்துவது: கோடாக் பழுப்பு நிறங்களைக் கவனிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம், மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் செய்பவர்களும் தங்கள் பொருள் படத்தில் சரியாக வரவில்லை என்று புகார் செய்தது. நம் ஒளிப்பதிவாளர்கள் நம் முகங்களை அழகாகக் காட்டினார்கள் என்றால், அந்தப் பிலிமோடு போராடித்தான் காட்டினார்கள். அந்தத் திறமையை மதிக்கிறேன். அதற்காக அந்தப் பிலிமைக் கோயிலில் வைக்க மாட்டேன்.

இனி, எது அழகு என்ற கேள்வி. 2000இல் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்’ படத்தை ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் பிலிமில் எடுத்தார். பிறகு முழுப் படத்தையும் ஸ்கேன் செய்து, பச்சை வயல்களைக் கணினியில் காய்ந்த மஞ்சளாக மாற்றினார். அன்றைக்கே இரண்டுக்கும் இடையிலிருந்த சுவர் இடிந்துவிட்டது. நம் ஊரிலும் டிஐ என்ற இந்தக் கணினி வண்ணத் திருத்தம் வந்த பிறகு, பிலிமில் எடுத்த படமும் நடுவழியில் கோப்பாக மாறித்தான் திரைக்குப் போனது. 2021இல் வந்த ‘டூன்’ படத்தில் எதிர்த் திசையில் போனார்கள். கிரெய்க் ஃபிரேசர் டிஜிட்டலில் எடுத்தார். அதை 35 மி.மீ. பிலிமில் பதித்தார்கள், டெவலப் செய்து மறுபடியும் ஸ்கேன் செய்தார்கள். பிலிமின் தன்மை இருக்கட்டும், டிஜிட்டலின் வசதியும் இருக்கட்டும் என்பது எண்ணம். இயக்குநர் ஷான் பேக்கர் ‘டேஞ்சரின்’ படத்தை ஐபோனில் எடுத்தார். அடுத்து வந்த ‘தி ஃபுளோரிடா புராஜெக்ட்’டை 35 மி.மீ. பிலிமில் எடுத்து, கடைசிக் காட்சிக்கு மட்டும் திரும்பவும் போனைக் கையில் எடுத்தார். கதைக்கு எது வேண்டுமோ அதை எடுக்கிற கலைஞனுக்கு இந்தச் சண்டையில் வேலை இல்லை. என் கண்ணுக்கு, பிலிமின் துகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அசையாத சுவர்கூட மூச்சுவிடுவது போல் இருக்கும். அது எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்களோடு எனக்கு வழக்கு இல்லை.

கட்டுப்பாடு பற்றிய வாதம் இதைவிடக் கனமானது. பிலிம் ஓடும்போது காசு ஓடியது. அதனால் ஒத்திகை நடந்தது, நடிகர்கள் வசனத்தோடு வந்தார்கள், ‘கேமரா’ என்ற குரல் கேட்டதும் மொத்தத் தளமும் அமைதியானது என்பார்கள். உண்மைதான். ஒரு ஷாட் முடிந்ததும் உதவியாளர் கேமராவைத் திறந்து, பிலிம் ஓடும் ‘கேட்’ என்ற சட்டத்தில் தூசியோ முடியோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். அவர் தலையாட்டும் வரை யாரும் நகர மாட்டார்கள். பொள்ளாச்சியிலோ தேனியிலோ படப்பிடிப்பு என்றால் எக்ஸ்போஸ் ஆன பிலிம் சென்னை லேபுக்குப் போய், கழுவி, ரஷ் பார்த்த செய்தி வரும் வரை வயிற்றில் நெருப்பு. படம் எப்படி வந்திருக்கிறது என்பது அதுவரைக்கும் ஒளிப்பதிவாளரின் மனத்தில் மட்டும் இருந்தது. அந்த நம்பிக்கையே அவருக்குத் தளத்தில் ஒரு மரியாதையைக் கொடுத்தது. இன்று மானிட்டரைச் சுற்றி நிற்பவர்கள் அனைவருக்கும் கருத்து உண்டு.

ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை விதித்தது விலை. விலை விதிக்கும் கட்டுப்பாடு முதலில் வெளியே தள்ளுவது ஏழையை. பிலிம் வாங்க வழியில்லாமல் எடுக்கப்படாமலே போன படங்களுக்குக் கணக்கு கிடையாது. பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வார்தா எழுபது வயதைத் தாண்டிய பிறகு கைக்கடக்கமான ஒரு டிஜிட்டல் கேமராவைத் தூக்கிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல்களில் உருளைக்கிழங்கு பொறுக்குபவர்களோடு நடந்து 2000இல் ஓர் அரிய ஆவணப்படம் தந்தார். ஈரானில் இயக்குநர் ஜாஃபர் பனாஹி, படம் எடுக்கத் தடையும் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டு மேல்முறையீட்டில் வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, ஒரு சிறு கேமராவையும் போனையும் வைத்து ‘இது ஒரு திரைப்படம் அல்ல’ என்று பெயரிட்ட படத்தை எடுத்தார். 2011இல் அது கான் விழாவுக்கு ஒரு பென் டிரைவில் போய்ச் சேர்ந்தது. லேபுக்கு நெகட்டிவ் அனுப்பி, ரசீது வாங்கி, பிரிண்ட் போட்டு அந்தப் படம் வெளியே வந்திருக்க முடியுமா? டிஜிட்டல் கொடுத்த விடுதலை என்று சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

தமிழில் மாற்றம் விரைவாக நடந்தது. பி.சி. ஸ்ரீராம் இயக்கிய ‘வானம் வசப்படும்’ 2004இல் டிஜிட்டலில் வந்தது; அடுத்த ஆண்டு கமல்ஹாசனின் ‘மும்பை எக்ஸ்பிரஸ்’. 2009இல் ‘அச்சமுண்டு அச்சமுண்டு’ ரெட் ஒன் கேமராவில் எடுக்கப்பட்டது. திரையிடுவதிலும் சென்னை பின்தங்கவில்லை. இங்கே பிறந்த கியூப் என்ற டிஜிட்டல் திரையிடல் தொழில்நுட்பம் இந்தியாவெங்கும் தியேட்டர்களுக்குப் போனது. ரீல் பெட்டி பஸ்ஸில் வந்து சேரும் வரை கொட்டகை வாசலில் காத்திருந்த காலம் முடிந்தது. பெரிய ஊரில் ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்த பிரிண்ட்தான் சிற்றூருக்கு வரும் என்ற அநீதியும் முடிந்தது. அது சிறிய மாற்றம் இல்லை. புதுச் செலவுகளும் வந்தன. டிஜிட்டல் திரையிடலுக்கான கட்டணத்தை எதிர்த்து 2018இல் தமிழ்த் தயாரிப்பாளர்கள் ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுப்படம் எதையும் வெளியிடாமல் நிறுத்தி வைத்தார்கள்.

உலகிலும் அதே வேகம். 2011 வாக்கில் ஆரி, பானாவிஷன், ஏட்டான் ஆகிய மூன்றும் புதிய பிலிம் கேமரா செய்வதை நிறுத்திவிட்டன. 2013இல் ஃபியூஜி சினிமா பிலிம் உற்பத்தியைக் கைவிட்டது. ஆனால் ஒரே ஒரு பிலிமை மட்டும் விடவில்லை: காப்பகத்தில் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட கறுப்பு-வெள்ளைப் பிலிம். படம் எடுக்கப் பிலிம் வேண்டாம் என்று முடிவு செய்த நிறுவனம், படத்தைக் காப்பாற்றப் பிலிம் வேண்டும் என்று முடிவு செய்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்தமாக ஓர் இழப்பு உண்டு. ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு-வெள்ளைப் பிலிம், எக்ஸ்ரே பிலிம், புகைப்படத் தாள் எல்லாம் செய்தது. நம் அப்பா அம்மாவின் கல்யாணப் படங்களிலும், அரசு மருத்துவமனை எக்ஸ்ரே உறைகளிலும் அந்தப் பெயர் இருந்தது. தாராள இறக்குமதி அதை ஒரு பக்கம் நெருக்கியது, டிஜிட்டல் மறுபக்கம். இன்று அந்த ஆலை இல்லை. வெள்ளி ஹாலைடை இருட்டில் சீராகப் பூசத் தெரிந்த கைகள் நீலகிரியில் இருந்தன என்பதை இன்றைய மாணவர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

இப்போது ஆயுளுக்கு வருகிறேன்.

1950களின் தொடக்கம் வரை சினிமா பிலிமின் அடித்தளம் செல்லுலோஸ் நைட்ரேட். தீப்பிடித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொண்டு எரியும். நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. அதற்குப் பின் வந்த அசிட்டேட் பிலிம் எளிதில் தீப்பற்றாது. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் மெல்லச் சிதையும். சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும். டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி மூக்கைத் துளைக்கும். அந்த நெடி பக்கத்து டப்பாவையும் கெடுக்கும். வண்ணப் பிலிமுக்கு இன்னொரு நோய்: நான் முன்னே சொன்ன சாயம் வெளுப்பது. சயான் சாயம் முதலில் போய், படம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். 1980இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி இதை எதிர்த்து உலகளாவிய இயக்கமே நடத்தினார். பிலிமைக் காக்கக் குளிர்ச்சியும் வறட்சியும் வேண்டும். சென்னையில் இரண்டும் இல்லை.

விளைவு உங்களுக்குத் தெரியும். நடராஜ முதலியாரின் மௌனப் படம் ‘கீசக வதம்’ போய்விட்டது. 1931இல் வந்த பேசும் படம் ‘காளிதாஸ்’ போய்விட்டது. தென்னிந்திய மௌனப் படங்களில் பார்க்கக்கூடிய அளவுக்கு எஞ்சியது 1933இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். தீயும் ஈரமும் தின்றது ஒரு பங்கு. பழைய ரீல்களிலிருந்து வெள்ளியை உருக்கி எடுத்து விற்றவர்கள் தின்றது இன்னொரு பங்கு. 1964இல் புணேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கிய பிறகு பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து டப்பாக்களைச் சேர்த்தார். அவர் சேர்த்த நைட்ரேட் படங்கள் பலவும் 2003இல் அங்கே நடந்த தீ விபத்தில் அழிந்தன. மிகப் பழைய கதை மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988இல் வந்த படம். அதன் நெகட்டிவ் இல்லாமல் போனது பற்றி அவர் பொதுவெளியில் மனம் நொந்து பேசினார். தமிழ்நாட்டுக்கென்று ஒரு திரைப்படக் காப்பகம் வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். சென்னையின் லேப்கள் ஒவ்வொன்றாகப் பிலிம் வேலையை நிறுத்தியபோது, டப்பாக்களை வாங்கிப் போக வராத தயாரிப்பாளர்கள் பலர். நெகட்டிவ் உரிமை பத்திரத்தில் கைமாறிக்கொண்டே இருந்தது. நெகட்டிவ் எங்கோ மூலையில் புழுங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் பிலிமுக்கு ஒரு குணம் உண்டு. அது பாதி செத்தாலும் மிச்சப் பாதியைக் காட்டும். 1993 ஜூலையில் லண்டனில் ஹெண்டர்சன் லேப் தீப்பற்றியபோது, சத்யஜித் ராயின் அப்பு வரிசைப் படங்களின் மூல நெகட்டிவ்கள் அங்கே இருந்தன. கருகி, சுருங்கி, உருகி ஒட்டிப்போன அந்தச் சுருள்களை யாரும் குப்பையில் போடவில்லை. அமெரிக்கத் திரைப்பட அகாடமியின் காப்பகத்தில் எடுத்து வைத்தார்கள். இருபது ஆண்டு கழித்து இத்தாலியின் பொலோன்யா நகரில் அவற்றுக்கு மெல்ல ஈரம் ஏற்றினார்கள். உருகிய ஒட்டுநாடாவைச் சுரண்டி எடுத்தார்கள். இற்றுப்போன துளைகளைக் கையால் ஒவ்வொன்றாகப் புதுப்பித்தார்கள். அதற்கு மட்டும் ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம். ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’ இரண்டிலும் கணிசமான பகுதிகள் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே மீண்டன. மிச்சத்தை வேறு பிரதிகள் நிரப்பின. 2015இல் அப்பு வரிசையின் மூன்று படங்களும் புதிதாகத் திரையேறின. ‘அபராஜிதோ’வில் காசி வீட்டு முற்றத்து ஒளியை ஸ்டூடியோவுக்குள் கொண்டுவர, ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கொளியை அதில் மோதவிட்டு இறக்கினார் அல்லவா? அந்த மென்மையான, நிழலற்ற ஒளி, தீயைத் தாண்டி இன்று நம் கண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கருகிய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எதை மீட்பார்கள்?

டிஜிட்டல் கோப்பு ஒன்று முழுதாக இருக்கும், இல்லையென்றால் இருக்கவே இருக்காது. இடைப்பட்ட நிலை குறைவு. அலமாரியில் வைத்துப் பூட்டினால் பிலிம் மெல்ல வயதாகும். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் சும்மா நின்றுவிடும். அதனால் கோப்பைக் காப்பவர்கள் காந்த நாடாவுக்குப் போகிறார்கள். எல்.டி.ஓ. என்ற அந்த நாடா 2000இல் வந்தது. சில ஆண்டுகளுக்கு ஒரு தலைமுறை மாறும். ஏழாம் தலைமுறைக் கருவி வரைக்கும் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக் கருவி முந்தைய ஒன்றை மட்டுமே படிக்கும். அதாவது 2010 வாக்கில் ஐந்தாம் தலைமுறை நாடாவில் எழுதி வைத்த படத்தை அந்தக் கருவியில் போட்டால் திறக்காது. நாடா கெடவில்லை, படம் கெடவில்லை. வாசலின் பூட்டு மாறிவிட்டது. சில ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சேமிப்பையும் புது நாடாவுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால்தான் படம் வாழும். 2007இல் அமெரிக்கத் திரைப்பட அகாடமி ஓர் அறிக்கையில் இதற்குக் கணக்குப் போட்டது: ஒரு படத்தைப் பிலிமில் காக்க ஆண்டுக்கு 1,059 டாலர், அதே படத்தை 4கே டிஜிட்டல் மூலப்பிரதியாகக் காக்க 12,514 டாலர். சேமிப்புக் கருவிகளின் விலை அதன்பின் வெகுவாக இறங்கிவிட்டது. ஆனால் யாராவது ஒருவர் விடாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இறங்கவில்லை. நாலு படம் தோற்றுக் கடையைச் சாத்திய தயாரிப்பாளரின் படத்தை யார் மாற்றுவார்கள்?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதி பூட்டப்பட்டது. அதைத் திறக்கும் சாவி ஒரு குறிப்பிட்ட கருவிக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் கொடுக்கப்படும். திருட்டைத் தடுக்க அது அவசியம், நான் எதிர்க்கவில்லை. ஆனால் சாவி கொடுத்த நிறுவனமும் மூலக் கோப்பும் மறைந்தபின், அந்தப் பிரதி கையில் இருந்தும் பயனில்லை. எங்கோ ஒரு கிராமத்துக் கொட்டகையின் பரணில் கிடந்த பழைய பிரிண்ட் ஒரு படத்தையே உயிர்ப்பித்த கதைகள் பிலிம் வரலாற்றில் பல. டிஜிட்டல் காலத்தில் அந்தப் பரண் இல்லை.

ஆகவே என் அச்சமெல்லாம் 2004இலிருந்து ஒரு பத்தாண்டில் வந்த தமிழ்ப் படங்களைப் பற்றியது. அப்போது பல படங்கள் குறைந்த தெளிவில் பதிவாயின. திரையிட அழுத்திச் சுருக்கப்பட்டன. பிலிமில் பதித்த மூலம் பலவற்றுக்கு எடுக்கப்படவே இல்லை. ஐம்பதுகளின் படத்துக்கு எங்காவது ஒரு பிரிண்ட் இருக்கும் வாய்ப்பு, இந்தக் காலத்துச் சிறிய படத்துக்கு இல்லை. 2012இல் ‘கர்ணன்’ புதுப்பொலிவோடு திரும்பி வந்தபோது தியேட்டர்கள் நிறைந்ததைப் பார்த்தோம். 1964ஆம் ஆண்டுப் படத்துக்கு அது முடிந்தது, பிலிம் மிஞ்சியிருந்ததால். 2006ஆம் ஆண்டின் ஒரு நல்ல சிறிய படத்துக்கு 2054இல் அப்படி ஒரு நாள் வாய்க்குமா?

செய்வதற்கு வழிகள் உள்ளன. ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்கள், முடிந்த வண்ணப் படத்தை மூன்று வண்ணங்களாகப் பிரித்து மூன்று கறுப்பு-வெள்ளைச் சுருள்களில் பதித்து வைக்கின்றன. கறுப்பு-வெள்ளையில் வெளுக்கச் சாயம் இல்லை, வெள்ளிதான். ஒளியும் ஒரு வில்லையும் இருந்தால் எந்த நூற்றாண்டிலும் படிக்கலாம். இதைவிட வியப்பு ஒன்று: நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்குள் 2017இல் திறந்த ஒரு காப்பகத்தில், கணினித் தரவையே பிலிமில் புள்ளிகளாக அச்சிட்டு வைக்கிறார்கள். 2020இல் கிட்ஹப் நிறுவனம் தன்னிடமிருந்த திறமூல நிரல்களை அப்படிப் பிலிமில் பதித்து அங்கே அனுப்பியது. உலகின் கணினிக்காரர்கள் நெடுங்காலக் காப்புக்குத் தேடிப் போன பொருள், நாம் பழையது என்று ஒதுக்கிய அதே பிலிம்.

சென்னையிலேயே இதற்கான கைத்திறன் இருக்கிறது. 2022இல் கான் விழாவில் காட்டப்பட்ட, மலையாள இயக்குநர் அரவிந்தனின் ‘தம்பு’ படத்தின் மீட்பு வேலை, பொலோன்யாவோடு சேர்ந்து இங்கே பிரசாத் நிறுவனத்திலும் நடந்தது. இல்லாதது ஒரு குளிர்க் கிடங்கு. அதில் படத்தை ஒப்படைக்க வேண்டும் என்ற ஒரு விதி. அரசு மானியம் வாங்கும் ஒவ்வொரு தமிழ்ப் படமும் வண்ணத் திருத்தம் முடிந்த, பூட்டில்லாத, அழுத்திச் சுருக்காத இறுதிப் பிரதியைக் காப்பகத்தில் கொடுத்தால்தான் பணம் என்று ஒரு நிபந்தனை போதும். புத்தகம் அச்சிட்டால் நூலகத்துக்குப் பிரதி கொடுக்கும் சட்டம் நமக்குப் புதிதல்ல. தேர்ந்தெடுத்த படங்களையாவது பிலிமில் பதித்துக் குளிரில் வைக்கலாம். இந்த மாநிலத்தில் முதலமைச்சர்களையே தந்த கலைக்கு இது பெரிய செலவு ஆகாது.

அரசு செய்யும் வரை நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. இந்த அவையில் திரைத்துறைக் குடும்பத்தினர் சிலர் இருக்கிறீர்கள். வீட்டில் பிலிம் டப்பா இருந்தால் பரணிலிருந்து இறக்குங்கள். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரணைவிடக் கொடுமையான இடம் பிலிமுக்கு இல்லை. நிற்க வைக்காமல் படுக்க வைத்து, வீட்டிலேயே குளிர்ந்த, உலர்ந்த அறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி மூடாதீர்கள். அமில ஆவி உள்ளேயே தங்கிவிடும். வினிகர் நெடி வந்தால் அந்த டப்பாவை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். 1950களின் தொடக்கத்திலோ அதற்கு முன்போ வந்த படம் என்றால் அது நைட்ரேட்டாக இருக்கலாம்; வீட்டில் வைக்கவே வேண்டாம், தீக்குச்சி பக்கத்தில் போக வேண்டாம். புணேக் காப்பகத்துக்கு எழுதுங்கள். டிஜிட்டலில் படம் எடுத்த இளைஞர்களே, நீங்கள் படம் முடிந்த வாரத்தில் அலமாரியில் வைத்த ஹார்ட் டிஸ்க்கை இந்த வாரம் எடுத்து ஓட்டிப் பாருங்கள். ஓடினால் அன்றைக்கே இன்னும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். சாவியையும், எந்த மென்பொருளில் செய்தீர்கள் என்ற விவரத்தையும் தாளில் எழுதி அந்தப் பெட்டிக்குள் போடுங்கள்.